காற்றைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்: ஃபெர்மானாவின் ஏரிகளும் தீவுகளும்

வடக்கு அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது ஃபெர்மானா கவுண்டி. டப்ளினிலிருந்தோ பெல்ஃபாஸ்டிலிருந்தோ காலையில் கிளம்பி, குயில்கா மலையின் மரப்படிகளில் ஏறிப் படமெடுத்துக்கொண்டு, வழியில் ஏரியைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி மாலைக்குள் ஊர் திரும்பிவிடுபவர்கள் நிறைய. இவர்கள் சாலை வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டவர்கள். இங்கே பழமையான சின்னங்களில் முக்கியமானவை தீவுகளில் இருக்கின்றன. அங்கே போகும் படகுகள் பருவத்தையும் கிழமையையும் காற்றையும் பொறுத்துத்தான் ஓடும். அதனால் ஒரே ஒரு விதியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் நாட்களில் காற்று குறைவான நாள் எதுவோ, அது தீவுகளுக்கு. கோட்டையும் மாளிகையும் மழையிலும் அங்கேயேதான் இருக்கும்.

குறைந்தது மூன்று இரவு தங்கினால்தான் இந்த விதியைப் பயன்படுத்த முடியும். ஒரே நாள் பயணத்தில் காற்று எதிராக இருந்தால் மாற்றிக்கொள்ள வேறு நாள் கிடையாது.

ஏரியின் அமைப்பு

எர்ன் ஆறு தெற்கே கேவன் கவுண்டிப் பக்கமிருந்து வந்து, இரண்டு ஏரிகளாக விரிந்து, மேற்கே பாலிஷானனில் கடலில் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து லாக் எர்ன் என்பார்கள். மேல் ஏரி வரைபடத்தில் கீழே, தெற்கில் இருக்கும். கீழ் ஏரி மேலே, வடமேற்கில் இருக்கும். ஆறு ஓடும் திசையை வைத்து வந்த பெயர்கள் இவை. படகோ அறையோ பதிவு செய்யும்போது இதில் குழம்பி எதிர்ப்பக்கத்தில் எடுத்துவிடுபவர்கள் உண்டு. இரண்டு ஏரிக்கும் நடுவே, ஆறு சூழ்ந்த ஒரு தீவின் மேல் என்னிஸ்கில்லன் நகரம் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு ஏரிக்கும் குணம் வேறு. மேல் ஏரி நாணலும் குட்டித் தீவுகளும் நிறைந்த ஒரு புதிர்வழி. அலை பெரிதாக எழாது, ஆனால் வழி தவறும். கீழ் ஏரி அகலமானது. பிராட் லாக் என்று சொல்லும் மேற்குப் பாகத்தில் கரைக்குக் கரை 8 கிலோமீட்டர் வரை இருக்கும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. காற்று வலுத்தால் கடலைப் போலவே அலை எழும். வரலாற்றுச் சின்னங்கள் அதிகம் இருப்பதும் இந்தக் கீழ் ஏரியில்தான். முதல்முறை வருபவர் என்னிஸ்கில்லனிலோ, கீழ் ஏரியின் கிழக்குக் கரையில் கில்லடீஸ், கெஷ் பக்கமோ தங்குவது நல்லது.

ஏரி மொத்தத்தையும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள, முதல் நாளே லாக் நவார் காட்டுக்குள் இருக்கும் மாஹோ பாறைமுகட்டுக்குப் போய்விடுங்கள். காட்டுக்குள் சுமார் 11 கிலோமீட்டர் ஒருவழிப் பாதை; கார் முகடு வரை போகும். கீழ் ஏரி, அதன் தீவுகள், அப்பால் டோனகல் மலைகள் எல்லாம் அங்கிருந்து தெரியும். பிறகு படகில் போகும்போது எந்தத் தீவு எங்கே என்ற நினைப்பு மனதில் இருக்கும். பொழுது சாய்வதற்குள் கேட்டை மூடிவிடுவார்கள், முன்னதாகப் போங்கள்.

விசாவும் எல்லையும்

ஃபெர்மானா ஐக்கிய ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. சில மைல் தள்ளி அயர்லாந்து குடியரசு. நடுவே சோதனைச் சாவடியோ தடுப்போ கிடையாது. சாவடி இல்லை என்பதால் விசாவும் தேவையில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. டப்ளினில் இறங்கி என்னிஸ்கில்லன் போகும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இரண்டு நாட்டிலும் இருக்கும் அனுமதி வேண்டும். இந்தியாவிலிருந்து குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா ஏற்பாட்டின் கீழ், 'பிஐவிஎஸ்' என்ற குறிப்போடு வரும் ஒரே விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். எந்த நாடு அதைக் கொடுத்ததோ அந்த நாட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. விதிகள் மாறுவதுண்டு, டிக்கெட் எடுக்கும் முன் அரசுத் தளங்களில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லையில் யாரும் நிற்கவில்லை என்றாலும், பேருந்தை நிறுத்திக் கடவுச்சீட்டு கேட்பது அவ்வப்போது நடக்கும்.

ரயில் இல்லை. 1957-ல் என்னிஸ்கில்லன் ரயில்பாதையை மூடிவிட்டார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்து 261-ஆம் எண் பேருந்து, டப்ளினிலிருந்து விமான நிலையம் வழியாக 30-ஆம் எண் பேருந்து. இரண்டும் ஏறக்குறைய இரண்டேகால், இரண்டரை மணி நேரம். நகரத்துக்கு வந்து சேர்வது எளிது. நகரத்திலிருந்து ஏரிக்கரைச் சின்னங்களுக்குப் போவதுதான் சிரமம். கிராமப் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. கார் இல்லாதவர் என்னிஸ்கில்லன் படகுப் பயணம், நகரக் கோட்டை, நடந்தே போகக்கூடிய காசில் கூல் மாளிகை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஒரு நாள் மட்டும் டாக்ஸி பேசிக்கொள்ளலாம்.

காரை டப்ளினில் வாடகைக்கு எடுத்தால், வடக்கே ஓட்டக் காப்பீடு உண்டா, கூடுதல் கட்டணம் உண்டா என்று எடுக்கும்போதே கேளுங்கள். எல்லையைத் தாண்டியது பெரும்பாலும் சாலையைப் பார்த்துத்தான் தெரியும்: தெற்கே ஓரக்கோடு மஞ்சள், வேகம் கிலோமீட்டரில், வடக்கே கோடு வெள்ளை, வேகம் மைலில். 60 என்ற பலகையைக் கிலோமீட்டர் என்று எண்ணி மெதுவாகப் போனால் பின்னால் வருபவர் முனகுவார், அவ்வளவுதான். தெற்கே இருக்கும் 80-ஐ மைல் என்று எண்ணி ஓட்டினால் அபராதம். இந்தியாவைப் போலவே இடதுபக்க ஓட்டம் என்பது ஒரு வசதி. கிராமச் சாலைகள் குறுகலானவை, வேலி உயரமானது, திருப்பத்தில் டிராக்டர் நிற்கும்.

டெவெனிஷ்

ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால் இது. ஆறாம் நூற்றாண்டில் புனித மொலாய்ஷ் இங்கே ஒரு மடாலயத்தைத் தொடங்கினார். 837-ல் வைக்கிங்குகள் தாக்கினார்கள், 1157-ல் தீக்கிரையானது, ஒவ்வொரு முறையும் மீண்டு எழுந்தது. சாலையை விட ஆறுதான் வழியாக இருந்த காலத்தில், ஏரி நடுவில் இருப்பது ஒதுக்குப்புறத்தில் இருப்பதாகாது. போக்குவரத்து முழுக்க மடத்து வாசலைக் கடந்துதான் போயிருக்கும், கொள்ளைக்காரர்கள் உட்பட.

படித்துறையில் இறங்கியதும் எல்லோரும் வட்டக் கோபுரத்தை நோக்கி ஓடுவார்கள். அவர்களைப் போகவிட்டு, கரையோரம் இருக்கும் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் இடிபாட்டில் தொடங்குங்கள். அடுத்து மொலாய்ஷின் இல்லம் எனப்படும் சின்னஞ்சிறு கல் கட்டடம். அதன் பிறகு கோபுரம், கடைசியில் மேட்டில் இருக்கும் புனித மேரி மடம். காலவரிசை அங்குமிங்கும் போனாலும், கூட்டத்துக்கு எதிர்வரிசையில் போவதால் ஒவ்வொன்றும் உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும்.

கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 25 மீட்டர் உயரம், செதுக்கிய கல், கூம்புத் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஓடும் கல்பட்டையில் நான்கு மனித முகங்கள் இருக்கின்றன. வெறும் கண்ணுக்குப் புடைப்பாகத்தான் தெரியும். பைனாகுலர் கொண்டுபோனால் தாடி வரை எண்ணலாம். கோபுரத்தின் வாசல் தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கோபுரத்தின் வட்ட அடித்தளம் புல்லில் கிடக்கிறது, தெரியாதவர்கள் அதை மிதித்துக்கொண்டே முதல் கோபுரத்தைப் படமெடுப்பார்கள். முதல் கோபுரத்துக்குள் ஏணி உண்டு. திறந்திருக்கும் நாள் குறைவு, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மேட்டில் இருக்கும் மடத்தில் 1449 என்ற ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இருந்தது. அருகே நிற்கும் 15-ஆம் நூற்றாண்டுச் சிலுவை மெல்லிய வேலைப்பாடு கொண்டது. சாய்ந்த வெயிலில் மட்டுமே அது முழுதாகத் தெரியும்.

டப்ளின் வழியாகத் திரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. மொலாய்ஷின் நற்செய்தி நூலுக்காக 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே மடத்துக்காகச் செய்யப்பட்ட உலோகப் பேழை, டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம். தீவைப் பார்த்த பிறகு பார்த்தால் அதற்குப் பொருள் கூடும்.

போகும் வழி: என்னிஸ்கில்லனில் ரவுண்ட் ஓ படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் படகு போகிறது. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தீவில் இறக்கிவிடுவார்களா, எத்தனை நிமிடம்? சில பயணங்கள் தீவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். அரை மணி நேரம் கிடைத்தால் ஓட்டமும் நடையுமாக எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் தனிப் படகுதான்.

ஒயிட் ஐலண்டும் மற்றவையும்

கீழ் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள காசில் ஆர்ச்டேல் படகுத்துறையிலிருந்து சிறிய படகில் ஒயிட் ஐலண்டுக்குப் போக வேண்டும். பொதுவாகக் கோடையில்தான் ஓடும். ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்த மாதங்களில் வார இறுதி மட்டும் என்ற நிலையும் உண்டு. முதல் நாளே தொலைபேசியில் பேசிவிடுங்கள், இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தீவில் கூரையில்லாத 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதன் வளைவு வாசல், வடக்கு அயர்லாந்தில் முழுதாக எஞ்சியிருக்கும் ஒரே ரோமானெஸ்க் (அரைவட்ட வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி) வாசல். உள்ளே வடக்குச் சுவரில் எட்டுக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன: ஆறு முழு உருவங்கள், முடிக்காமல் விட்ட ஒன்று, முகம் சுளிக்கும் தலை ஒன்று. தேவாலயத்தை விட இவை பழமையானவை. பிறகு கட்டியவர்கள் இவற்றை வெறும் கட்டுக்கல்லாகவே சுவருக்குள் வைத்துவிட்டார்கள். 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு உருவம் கையில் மணியும் கோலும் வைத்திருக்கும், இன்னொன்று வாளும் கேடயமும். இடது ஓரத்தில் கன்னம் உப்பிச் சிரிக்கும் பெண்ணுக்கு இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம். உருவங்கள் தெற்கு நோக்கி இருப்பதால் நடுப்பகல் வெயில் நேராக விழுந்து நிழல் குறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு ஒளியில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். தொட்டுப் பார்க்காதீர்கள். ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கியது கைப்பிசுக்கைத் தாங்காது.

படகில் ஏறப் பயப்படுபவர்களுக்கும், காற்று ஓயாத நாளுக்கும் போவா தீவு இருக்கிறது. எர்னின் தீவுகளில் மிகப் பெரியது இது. கெஷ்ஷிலிருந்து பெல்லீக் போகும் ஏ47 சாலை இரண்டு முனையிலும் பாலம் போட்டு இதன் வழியாகவே போகிறது. மேற்கு முனையில் கால்ட்ரா என்ற பழைய இடுகாடு. பெயர்ப்பலகை சிறியது, ஏரிப் பக்கம் திரும்பும் சந்து அதைவிடச் சிறியது, இரண்டு மூன்று கார் நிற்கத்தான் இடம். உள்ளே முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு முகம் கொண்ட கல் உருவம் நிற்கிறது. முக்கால் மீட்டர் உயரம்கூட இருக்காது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கல் உருவம் லஸ்டிமோர் தீவிலிருந்து 1939-ல் கொண்டுவந்து வைத்தது. கிறிஸ்தவத்துக்கு முந்தியது என்பாரும், ஆரம்பக் கிறிஸ்தவ காலம் என்பாரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரட்டை முகத்தின் தலையில் இருக்கும் குழியில் மழைநீர் நிற்கும். அதில் காசு போடுகிறார்கள். உலோகம் கல்லைக் கறையாக்கி அரிக்கும், போடாதீர்கள். புல் எப்போதும் ஈரம். கேன்வாஸ் காலணி ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும்.

அதே வட்டத்தில் கில்லடீஸ் தேவாலய முற்றத்தில் இருக்கும் பிஷப் கல் என்ற பழைய செதுக்குக் கல்லையும் பாருங்கள். சாலையோரமே இருக்கிறது, பத்து நிமிடம் போதும்.

காசில் ஆர்ச்டேல் வெறும் படகுத்துறை அல்ல. இரண்டாம் உலகப் போரில் கடல்விமானத் தளமாக இருந்தது. ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க், 1941 மே 26 அன்று இங்கிருந்து கிளம்பிய கேட்டலீனா விமானத்தின் கண்ணில்தான் மாட்டியது. நடுநிலை வகித்த அயர்லாந்து, தன் நிலத்துக்கு மேலே ஒரு குறுகிய வழியில் இந்த விமானங்கள் அட்லாண்டிக் போக ரகசியமாக அனுமதித்தது. அதுதான் டோனகல் வழித்தடம். இன்று கேரவன்கள் நிற்கும் கான்கிரீட் தளங்கள் அன்று விமானங்கள் நின்ற இடங்கள். முற்றத்துக் கட்டடத்தில் சிறிய கண்காட்சி உண்டு, ஒயிட் ஐலண்ட் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

மேல் ஏரியில் தமிழர்கள் விசாரிக்கும் தீவு ஒன்று உண்டு: இனிஷ் ராத். 1980-களிலிருந்து ஹரே கிருஷ்ணா இயக்கத்தினர் அங்கே ராதா கோவிந்தர் கோயில் நடத்துகிறார்கள். அவர்களே படகு அனுப்பிக் கரையிலிருந்து கூட்டிப்போவார்கள், அதனால் சொல்லாமல் போய்க் கரையில் நின்று பயனில்லை.

சொந்தமாகப் படகு ஓட்டினால்

இங்கே வாடகைப் படகுக்கு உரிமம் கேட்பதில்லை. அரை நாள், முழு நாள் வாடகைக்குச் சிறிய படகும், வாரக்கணக்கில் தங்க அறையுள்ள க்ரூசரும் கிடைக்கும். கிளம்பும் முன் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பாடத்தை அவசரப்படுத்தாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் பாடம், குறிகள். ஏரியில் கம்பத்தின் மேல் பாதி சிவப்பு, பாதி வெள்ளை அடித்த பலகைகள் நிற்கும். வெள்ளை இருக்கும் பக்கமாகத்தான் படகு போக வேண்டும். சிவப்புப் பக்கம் பாறை, அல்லது ஆழம் குறைந்த மேடு. கடல் விதி தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். துறைமுகத்து சிவப்பு–பச்சை வழக்கத்தை இங்கே பொருத்தக் கூடாது. ஒவ்வொரு குறிக்கும் எண் உண்டு. வரைபடத்தை மடியில் வைத்து, ஒரு குறியைக் கடந்ததும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மேல் ஏரியில் எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கும். எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் ஊகித்து முன்னே போகாமல், வந்த வழியே கடைசியாக அடித்த குறிக்குத் திரும்புங்கள். இரண்டு தீவுக்கு நடுவே குறுக்குவழி தெரிகிறது, ஆனால் வரைபடத்தில் குறி இல்லை என்றால் அங்கே வழி இல்லை என்று அர்த்தம். நாணல் ஓரம் போனால் வேரும் கொடியும் சுழலியில் சுற்றும்.

தூரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். க்ரூசர் மணிக்கு 9, 10 கிலோமீட்டர்தான் போகும். என்னிஸ்கில்லனிலிருந்து பெல்லீக் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காரில் முக்கால் மணி, படகில் நான்கு மணி நேரத்துக்கு மேல். போன வழியே திரும்பவும் வேண்டும், இருட்டில் ஓட்டக் கூடாது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபரில் அந்தத் தெம்பு கிடையாது.

படகு மோதுவதும் கை நசுங்குவதும் பெரும்பாலும் கரை சேரும்போதுதான். படகுக்கு பிரேக் இல்லை. காற்று, நீரோட்டம் இரண்டில் எது வலுவோ அதற்கு எதிராக முகம் வைத்து வாருங்கள், அது தானாக வேகத்தைக் குறைக்கும். ரப்பர் மோதுதாங்கிகளை முன்பே இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். முன், பின் கயிறுகளைச் சிக்கெடுத்து, கம்பிக்கு வெளியே எடுத்து வையுங்கள். கம்பிக்கு உள்ளே மாட்டிக்கொண்ட கயிறு கடைசி நொடியில் உதவாது. சாய்வாக மெல்ல நெருங்கி, நியூட்ரலில் போட்டுவிடுங்கள். கரையில் இறங்குபவர் குதிக்கக் கூடாது, எட்டி வைக்கும் தூரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள். மற்றதைக் கட்டினால் படகு அதைச் சுற்றித் திரும்பிவிடும். படகு இடிக்கப் போகிறது என்றால் இடிக்கட்டும். காலையோ கையையோ நடுவில் கொடுத்துத் தடுக்க முயல வேண்டாம், பல டன் எடை அது. சரியாக வரவில்லையா, விலகிப்போய் மறுபடி வாருங்கள். கரையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்ற வெட்கத்தில்தான் பாதி விபத்து நடக்கிறது.

கடலைப் போல ஏற்ற இறக்கம் இங்கே இல்லை, எனவே இரவில் கயிறு இறுகுமோ என்ற கவலை வேண்டாம். ஆனால் பாலிஷானன் பக்கமுள்ள மின்நிலையங்களில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்; பெருமழைக்குப் பின் ஓரிரு நாளில் மட்டம் உயரும். அப்போது என்னிஸ்கில்லனுக்குக் கீழே போர்டோரா மதகருகில் நீரோட்டம் வலுக்கும். கிளம்பும் முன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

பிராட் லாக்குக்குள் நுழையும் முன் மறுபடி வானிலை பாருங்கள். காற்று வேகம் ஒரு அளவைத் தாண்டினால் படகை வாடகைக்கு விடுபவர்களே அங்கே போகக் கூடாது என்பார்கள். அதைப் பேரம் பேசும் விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் அமைதியாக இருந்து மதியத்துக்கு மேல் காற்று எழுவது சகஜம், ஆகவே அகலப் பகுதியைக் காலையில் கடந்துவிடுங்கள். தண்ணீர் கோடையிலும் குளிர். தவறி விழுந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், நீச்சல் தெரிந்திருந்தாலும். லைஃப் ஜாக்கெட்டைப் படகின் மேல்தளத்தில் இருக்கும்போதெல்லாம் போட்டிருங்கள். ஆபத்தென்றால் 999 அல்லது 112, கோஸ்ட்கார்ட் என்று கேட்க வேண்டும். உயிர்காப்புப் படகுகள் இரண்டு ஏரியிலும் நிற்கின்றன. கரையோரம் குளிக்க இறங்கினால் காலணியோடு இறங்குங்கள். வரிக்குதிரைச் சிப்பிகள் கல்லெல்லாம் ஒட்டியிருக்கின்றன, பாதத்தைக் கீறிவிடும்.

குடித்துவிட்டுப் படகில் ஏறுவது பற்றி இந்த ஊர் 1770-லேயே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. பெல்லீக் அருகே காசில் கால்ட்வெல் வாசலில் வயலின் வடிவத்தில் ஒரு கல். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பிரபுவின் படகிலிருந்து விழுந்து மூழ்கிய வயலின் கலைஞருக்கான நினைவு அது. வாசிப்பதையும் குடிப்பதையும் தரையில் வைத்துக்கொள் என்று பாட்டாகவே புத்தி சொல்கிறது.

காற்றடிக்கும் நாளுக்கு

கீழ் ஏரியைக் காரில் சுற்றினால் சுமார் 90 கிலோமீட்டர். மேற்குக் கரை ஏ46-ல் போய், பெல்லீக்கில் பீங்கான் ஆலையைப் பார்த்து (1857-ல் தொடங்கியது, கைவேலை நடப்பதைப் பார்க்க வார நாளில் போக வேண்டும்), போவா, காசில் ஆர்ச்டேல், கில்லடீஸ் வழியாகத் திரும்பலாம். மேற்குக் கரையில் டல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஹியூம் குடும்பம் கட்டியது. 1641-ல் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் குடியேறிகளுக்கு எதிராக எழுந்தபோது, கிறிஸ்துமஸ் சமயத்தில், இங்கே சரணடைந்தவர்களைக் கொன்று கோட்டையை எரித்தார்கள். பிறகு யாரும் அதில் குடியேறவில்லை. சற்று உள்ளே மொனே கோட்டை, 1618. உருண்டைக் கோபுரத்தின் தலையில் சதுர அறையை மூலைவாட்டில் உட்காரவைத்த ஸ்காட்லாந்துப் பாணி. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, கழிப்பறையும் இல்லை.

காசில் கூல், ஃபிளாரன்ஸ் கோர்ட், மேல் ஏரிக்கரையில் க்ரம் மூன்றும் பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசம். உறுப்பினர் அட்டை இருந்தால் மூன்றுக்கும் அதுவே போதும். தோட்டம் அநேகமாகத் தினமும் திறந்திருக்கும். காசில் கூல், ஃபிளாரன்ஸ் கோர்ட் மாளிகைகளுக்குள் போவது குறிப்பிட்ட நாட்களில், வழிகாட்டியோடு மட்டும். மூன்றில் ஒன்று என்றால் க்ரம்: பழைய கோட்டை இடிபாடு, பின்னிக்கிடக்கும் பழமையான யூ மரங்கள், சுற்றிலும் ஏரி. மாளிகைக்குள் வேலைப்பாடு பார்க்க வேண்டுமென்றால் காசில் கூல். ஜேம்ஸ் வையாட் வடிவமைத்தது, 1798-ல் முடிந்தது. அதன் போர்ட்லண்ட் கல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் பாலிஷானன் வந்து, பிறகு வண்டியிலும் ஏரிப் படகிலும் ஏறி வந்தது.

மழை நாளுக்கு மார்பிள் ஆர்ச் குகை என்று பலரும் எழுதுகிறார்கள். இது அரைகுறை யோசனை. குகைக்குள் ஆறு ஓடுகிறது; பயணத்தின் தொடக்கமே நிலத்தடிப் படகுதான். பெருமழையில் நீர் ஏறினால் படகை நிறுத்துவார்கள், மோசமானால் குகையையே மூடுவார்கள். தூறலுக்குச் சரி, இரவெல்லாம் கொட்டிய மறுநாளுக்குச் சரிவராது. உள்ளே ஆண்டு முழுக்க 10 டிகிரி, ஆகஸ்ட்டிலும் ஸ்வெட்டர் வேண்டும். படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். குயில்கா மரப்பாதையும் இதே திசைதான். கார் நிறுத்த முன்பதிவு செய்துவிடுங்கள். மரப்பாதை தொடங்குவதற்கே கல்பாதையில் நீண்ட தூரம் நடக்க வேண்டும், கடைசியில்தான் படிகள். பாதையை விட்டு இறங்காதீர்கள். கீழே இருப்பது புல்தரை அல்ல, சதுப்பு. ஒரு கால் தடம் ஆற ஆண்டுகள் பிடிக்கும்.

என்னிஸ்கில்லனுக்கு ஒரு பிற்பகல் போதும். மகுவயர் குலத்தார் கட்டிய கோட்டை, அதன் நீர்வாசல், உள்ளே அருங்காட்சியகங்கள். ஜெனரல் கோல் நினைவுத் தூணில் 108 படி. திறந்திருக்கும் நாளென்றால் ஏறிப் பாருங்கள், நகரம் தீவு என்பது அங்கேதான் விளங்கும். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதல் நடந்த காலத்தில், போர் நினைவுச்சின்னத்தருகே 1987 நவம்பர் 8 அன்று குண்டு வெடித்துப் பொதுமக்கள் இறந்தார்கள். அந்த நினைவு இன்னும் ஊருக்குள் உயிரோடு இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்று டாக்ஸிக்காரரிடம் கிளற வேண்டாம்.

கைப்பையில்

மழைச்சட்டை, பைனாகுலர், மாற்று காலுறை, கொசுவை விடச் சிறிய மிட்ஜ் பூச்சிக்கு மருந்து. மிட்ஜ் காற்றில்லாத மாலையில்தான் மொய்க்கும். தீவுகளுக்கு உகந்த நாள் அதற்கும் உகந்த நாள். தீவில் கடை இல்லை, தண்ணீரும் சாப்பாடும் எடுத்துப்போங்கள். மாடு, ஆடு மேயும் தீவுகளில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நடக்காதீர்கள். பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 முதல் மாலை 6 வரைதான் திறக்கும், சைவச் சமையல் சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பெல்லீக் போன்ற எல்லையோர ஊர்களில் கைப்பேசி தானாகத் தெற்குச் சிக்னலுக்குத் தாவும். ரோமிங் கட்டணம் வரும் சிம் என்றால், தானாக நெட்வொர்க் தேடுவதை நிறுத்திவையுங்கள். பணம் வடக்கே பவுண்டு, தெற்கே யூரோ. வடக்கு அயர்லாந்து வங்கிகளே அச்சிடும் பவுண்டு நோட்டுகள் மீதியாகக் கைக்கு வரும். லண்டன் கடைகளில் சிலர் அவற்றை வாங்கத் தயங்குவார்கள், ஊரில் பணமாற்றுக் கடையிலும் தயக்கம் இருக்கும். கிளம்பும் முன் என்னிஸ்கில்லனிலேயே செலவழித்துவிடுங்கள், அல்லது வங்கியில் இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.